பிரம்புத் தலைமாடு: 18 மாதப் பழக்கத்துக்குப் பின் ஒரு மதிப்புரை

கட்டிலின் தலைமாட்டில் பிரம்புப் பின்னல் பதித்த பலகையைப் பொருத்தி 18 மாதங்கள் ஆகின்றன. வாங்கிய முதல் வாரத்திலேயே மதிப்புரை எழுத எண்ணியிருந்தேன். அப்போது எழுதாமல் விட்டது நல்லதாயிற்று. எழுதியிருந்தால் பலகையைப் புகழ்ந்துவிட்டு, அறையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் முடித்திருப்பேன். இந்தப் பொருள் அழகாகத் தெரிவதும் உறுத்தலாகத் தெரிவதும் பாதிக்கு மேல் அதன் பின்னாலுள்ள சுவரையும் அதன்மீது விழும் வெளிச்சத்தையும் பொறுத்தவை என்பது பழகிய பிறகே விளங்கியது.

முதலில் பொருளைப் பற்றி. 60 அங்குல அகல மெத்தைக்கு ஏற்ற பலகை இது. திடமரச் சட்டத்தை நடுவில் ஒரு செங்குத்துக் கட்டை இரண்டாகப் பிரிக்கிறது. இருபுறமும் எண்கோணத் துளைகள் கொண்ட பிரம்புப் பின்னல். தரையிலிருந்து 120 சென்டிமீட்டர் உயரம் என்பதால் தலையணைகளை நிமிர்த்தி வைத்த பிறகும் பின்னலின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரிகிறது. இதைவிடத் தாழ்வான பலகைகளும் கிடைக்கின்றன. ஆனால் தலையணைக்குப் பின்னால் மறைந்துபோகும் பின்னலுக்காகப் பிரம்பை நாடுவதில் பயனில்லை.

பிரம்பு பனையின் குடும்பத்தைச் சேர்ந்த கொடி. முட்களால் பிற மரங்களைப் பற்றிக்கொண்டு ஏறுவது. மூங்கிலைப் போல உள்ளே கூடாக இராமல் தண்டு முழுவதும் திண்மையானது. ஆதலால் நீராவியில் காட்டி வளைத்தாலும் எளிதில் உடையாது. தண்டின் மேல்தோலை மெல்லிய வார்களாக உரித்துப் பின்னுவதே நம் பலகையில் இருக்கும் துளைப் பின்னல். உள்ளிருக்கும் சோற்றுப் பகுதி கூடைகளுக்கும் கெட்டியான நெசவுகளுக்கும் போகிறது. மேல்தோலில் சிலிக்கா இருப்பதால் இயல்பாகவே ஒரு மினுமினுப்பு உண்டு. அதே காரணத்தால் சாயமும் பூச்சும் அதில் சரியாகப் பிடிப்பதில்லை. இந்தப் பலகையைச் செய்தவர்கள் பின்னலை நிறமேற்றாமல் விட்டிருப்பது சரியான முடிவு. வந்தபோது வெளிறிய வைக்கோல் நிறத்தில் இருந்தது, இப்போது தேன் நிறத்துக்கு மெல்ல நகர்ந்திருக்கிறது. தலையணை மறைக்கும் கீழ்ப்பகுதி மட்டும் இன்னும் சற்று வெளிறியே இருக்கிறது.

அசல் பிரம்பா, பிளாஸ்டிக் இழையா என்று கடையில் அறிவது கடினமன்று. அசலில் ஆங்காங்கே கணுத் தடங்கள் தென்படும், ஒரு வாருக்கும் அடுத்த வாருக்கும் நிறம் சிறிது மாறும், முன்பக்கம் வழுவழுப்பாகவும் பின்பக்கம் நாரோடியும் இருக்கும். பிளாஸ்டிக்கில் எல்லா இழைகளும் ஒன்றேபோல் இருக்கும். இதைவிட முக்கியமாகப் பலகையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். சட்டத்தில் காடி எனும் நீளப் பள்ளம் வெட்டி, பின்னலின் ஓரத்தை அதற்குள் அழுத்தி, மேலே ஒரு பிரம்பு வாரை அடித்துப் பசையிட்டு இறுக்கியிருந்தால் அது முறையான வேலை. பின்னல் பழுதானால் அந்த வாரைப் பெயர்த்தெடுத்துப் புதிய பின்னல் பதிக்கலாம். வெறுமனே ஸ்டேப்ளர் முள் அடித்து ஒட்டியிருந்தால் இழுவிசை சில முட்களின்மீது மட்டும் விழுந்து, அந்த இடங்களில்தான் வார்கள் முதலில் அறும். என்னுடையது காடி வேலை. இந்தப் பலகைக்கு நான் தரும் மதிப்பில் பெரும்பங்கு இதற்கே.

இனி அறைக்கு வருகிறேன். பலகை வந்தபோது என் படுக்கையறையின் தலைமாட்டுச் சுவர் அடர்நீலம். படங்களில் அந்தச் சேர்க்கை மிக எடுப்பாகத் தெரிந்ததால் நானும் ஆசையோடுதான் பொருத்தினேன். படுத்துக்கொண்டு பார்க்கையில் தொல்லை ஏதுமில்லை. அறைக்குள் நுழையும்போதுதான் கண் அலைந்தது. துளைப் பின்னலில் நாம் காண்பது பிரம்பு மட்டுமன்று, துளைக்குள் தெரியும் சுவரும் சேர்த்துத்தான். வெளிறிய வாருக்குப் பின்னால் இருண்ட சுவர் நிற்கும்போது ஒவ்வொரு துளையும் தனித்தனிப் புள்ளியாகி, நூற்றுக்கணக்கான புள்ளிகள் ஒரே நேரத்தில் கண்ணை இழுக்கின்றன. அமைதிக்கென்று வாங்கிய பொருளே அறையில் மிகுந்த சலசலப்பை உண்டாக்கியது. ஒரு மாதம் பொறுத்துவிட்டு, சுவரைப் பிரம்பின் நிறத்துக்கு இரண்டு படி வெளிறிய மணல் நிறத்தில், பளபளப்பில்லாத மேட் பெயின்ட் கொண்டு பூசினேன். அன்று மாலையே பின்னல் புள்ளிகளாகத் தெரிவது நின்று, ஒரே துணிப்பரப்பைப் போல அடங்கியது. தூய வெள்ளைச் சுவரும் பொருந்தும் என்றாலும், வெள்ளைக்கு முன்னால் பிரம்பு சற்றுப் பழுப்பேறியதைப் போலத் தெரிவதை ஒரு நண்பர் வீட்டில் கண்டிருக்கிறேன். அடர்நிறம் வேண்டுமென்பவர்கள் அதை எதிர்ச்சுவருக்குக் கொடுப்பது நல்லது; படுத்தபடி பார்ப்பவருக்கு அதுதான் கண்ணெதிரே இருக்கும்.

வெளிச்சத்திலும் இதே பாடத்தைக் கற்றேன். 6500 கெல்வின் வெண்ணிற விளக்கின் கீழ் பிரம்பு சோகைபிடித்ததைப் போல வெளிறித் தெரிகிறது; 2700 கெல்வின் மஞ்சள் சாயலில்தான் அதன் இயல்பான நிறம் மலர்கிறது. விளக்கை வைக்கும் இடம் அதைவிட முக்கியம். பலகைக்கும் சுவருக்கும் இடையே பட்டை விளக்கை ஒளித்து வைக்கும் வழக்கம் பரவலாக உள்ளது, நானும் முயன்றேன். துளை ஒவ்வொன்றும் ஒளிர, படுப்பவரின் கண்ணுக்கருகே ஒரு சல்லடையைத் தூக்கிப் பிடித்ததுபோல் ஆயிற்று. இரண்டே இரவுகளில் கழற்றிவிட்டேன். இப்போது கட்டிலின் இருபுறமும் துணிக்கூடு போட்ட மேசைவிளக்குகள், பலகையின் தளத்திலிருந்து ஒரு முழம் முன்தள்ளி நிற்கின்றன. ஒளி முன்னிருந்து விழுவதால் பின்னலின் மேடுபள்ளம் மென்மையாகத் தெரிகிறது. சுவரில் விழும் நிழலும், பலகை சுவரை ஒட்டியே இருப்பதால், சிதறாமல் பின்னலுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

விரிப்புகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பின்னலே ஒரு கோலம் என்பதால் பூப்போட்ட விரிப்பும் கட்டம்போட்ட போர்வையும் அதனோடு மல்லுக்கு நிற்கின்றன. ஒரே நிறத்தில், சலவையில் மென்மையான பருத்தியோ லினனோ போதும். ஆலிவ் பச்சை, மங்கிய செங்கல் நிறம் இரண்டும் பிரம்போடு நன்கு இணங்குகின்றன.

ஒரு தவறை மட்டும் விரிவாகக் கூற விரும்புகிறேன், ஏனெனில் பலரும் அதில் விழுகிறார்கள். பலகை பிடித்துப்போனதும் அதே பின்னலில் கண்ணாடிச் சட்டம், தொங்குவிளக்கு, துணிக்கூடை, சிறு மேசை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். நான்காவது பொருள் வந்தபோது அறை விடுதியின் வரவேற்பறையைப் போல ஆகிவிட்டது. எங்கு திரும்பினாலும் துளைகள். தலைமாட்டுக்கென்று இருந்த தனித்தன்மையும் போயிற்று. துணிக்கூடையைத் தவிர மற்றவற்றை எடுத்துவிட்டு, மரமும் மண்பாண்டமுமாகச் சில பொருள்களை மட்டும் வைத்த பிறகுதான் பலகை மீண்டும் கண்ணில் பட்டது.

குறைகளும் உண்டு. சாய்ந்து படிப்பதற்கு இது ஏற்றதன்று. பிரம்பு நாற்காலியில் அமர முடிகிறதே என்று கேட்கலாம். மரச்சாமான் வடிவமைப்பாளர் மிக்கேல் தோனெட்டின் 1859ஆம் ஆண்டு 14ஆம் எண் நாற்காலியைப் போன்ற பழைய இருக்கைகளில் வார்களை ஒவ்வொன்றாகச் சட்டத்துத் துளைகளில் கோத்துக் கையால் பின்னினார்கள். பலகையிலோ சுருளாக வரும் ஆயத்தப் பின்னலைக் காடியில் அழுத்துகிறார்கள், அகலமும் அதிகம். முதுகின் பாரம் நாள்தோறும் ஒரே இடத்தில் விழுந்தால் பின்னல் தொய்யும். எனக்கு வலப்புறம் ஓராண்டிலேயே சிறு குழிவு விழுந்தது. பின்பக்கத்திலிருந்து வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் பின்னலை நன்கு ஈரமாக்கி, ஓரிரவு நிழலில் உலரவிட்டேன். ஈரத்தில் நீண்ட வார்கள் உலரும்போது சுருங்கி, குழிவு ஏறக்குறைய மறைந்தது. அன்றுமுதல் சாயும்போது முதுகுக்கும் பின்னலுக்கும் இடையே அகலமான திண்டு ஒன்றை வைத்துக்கொள்கிறேன்.

முதல் மாதங்களில் புரண்டு படுத்தால் கிரீச்சென்ற ஒலியும் வந்தது. பின்னலின்மீதுதான் ஐயப்பட்டேன், பலகையின் கால் கட்டிலோடு சேரும் போல்ட்டில் ரப்பர் வாஷர் இட்டதும் ஒலி நின்றது. துளைகளில் சேரும் தூசியைப் பத்து நாளுக்கொருமுறை மென்தூரிகையால் தட்டிவிடுகிறேன். ஏசியின் காற்று நேராகப் படும்படி பலகையை வைக்கக் கூடாது, வார்கள் வறண்டு ஒடியும். ஈரச்சுவரை ஒட்டி வைத்தாலோ பூஞ்சணம் பிடிக்கும். சட்டத்திலோ பிரம்பிலோ குண்டூசித் துளைகளும் அவற்றின் கீழே மாவுபோன்ற பொடியும் தென்பட்டால் அது துளைக்கும் வண்டின் வேலை. தள்ளிப்போடாமல் கவனிக்க வேண்டும். எனக்கு இதுவரை நேரவில்லை.

இரவில் நெடுநேரம் சாய்ந்தமர்ந்து படிப்பவருக்குப் பஞ்சு பொதித்த பலகையையே பரிந்துரைப்பேன். படுக்கையை உறக்கத்துக்கு மட்டும் வைத்திருப்பவர், தலைமாட்டுச் சுவரை வெளிர்நிறத்துக்கு மாற்றவும் இணங்குவாரானால், காடி வேலை செய்த பிரம்புப் பலகையைத் தயங்காமல் வாங்கலாம். சுவரை மட்டும் பலகை வருவதற்கு முன்பே பூசிவிடுங்கள், பொருத்திய பிறகு கழற்றிப் பூசுவது இரண்டு நாள் வேலை.