வேலைக்கும் வேட்டைக்கும் ஒரே டிரக்: டகோமாவில் செய்த மாற்றங்கள், இரண்டு பருவங்களுக்குப் பிறகு

டொயோட்டா டகோமாவின் ஓட்டுநர் கதவைத் திறந்தால், கதவுத் தூணில் மஞ்சள் பட்டையுடன் ஒரு சிறிய தாள் ஒட்டியிருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து எவ்வளவு எடைக்கு மேல் போகக்கூடாது என்பதை அது சொல்கிறது. நான்கு கதவுகளும் வி6 எஞ்சினும் நான்கு சக்கர இயக்கமும் கொண்ட என் 2019 மாடல் வண்டியில் அந்த எண் 1,080 பவுண்டு, அதாவது சுமார் 490 கிலோ. டயர், சஸ்பென்ஷன், பின்கூடு (சரக்குத் தொட்டியின் மேல் மாட்டும் மூடி) ஆகிய மூன்றைப் பற்றி இங்கே எழுதுகிறேன். மூன்றையும் அந்த எண்ணை வைத்தே மதிப்பிட்டிருக்கிறேன். முதல் முறை அந்தத் தாளைப் படிக்காமலேயே செலவு செய்தேன் என்பதால், அதனால் வந்த நட்டத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் டெக்சாஸில் ரவுண்ட் ராக் நகரில் குடியிருந்து, தினமும் ஆஸ்டினுக்கு வேலைக்குப் போய் வருகிறேன். நவம்பர் முதல் சனிக்கிழமை மான் வேட்டைப் பருவம் தொடங்கியதும், நெடுஞ்சாலை 29 வழியாக பர்னெட், லானோ ஊர்களைத் தாண்டி, சுமார் 100 மைல் தொலைவில் மேசன் அருகே நண்பர்களோடு குத்தகைக்கு எடுத்திருக்கும் நிலத்துக்கு வார இறுதிகளில் செல்வது வழக்கம். டெக்சாஸில் நிலத்தின் பெரும்பகுதி தனியாருடையது என்பதால், வேட்டைக்காரர்கள் பலரும் இப்படிக் குத்தகை நிலத்தை நம்பியே இருக்கிறார்கள். வாசல் கதவைத் தாண்டினால் சுண்ணாம்புச் சரளைப் பாதை, அதன் பின் கருங்கல் மேடுகளும் மணல் ஓடைகளும் மெஸ்கிட் புதர்களும். மெஸ்கிட் என்பது நம் ஊர் சீமைக்கருவேலத்தின் பங்காளி மரம். முள்ளும் அதே குணம் கொண்டது, காய்ந்த கிளையின் மேல் ஏறினால் டயருக்குள் இறங்கிவிடும். ஆண்டில் 340 நாள் தார்ச்சாலையிலும் எஞ்சிய நாட்கள் அந்தப் பாதையிலும் ஓட வேண்டிய வண்டி இது. இந்த விகிதத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் மாற்றம் செய்ய வேண்டும் என்பது எனக்குத் தாமதமாகவே புரிந்தது.

2021இல் ஒரு கடையில் முன்பக்கத்தை மூன்று அங்குலம் உயர்த்தி, இரும்பு பம்பரும், சிக்கிய வண்டியை வடத்தால் இழுத்து மீட்கும் வின்ச்சும் மாட்டிக்கொண்டேன். கடையின் பெயர் இங்கே தேவையில்லை. உயர்த்துவதற்கு அவர்கள் பயன்படுத்தியது ஷாக் அப்சார்பரின் தலைப்பகுதியில் வைக்கும் ஸ்பேசர் வட்டு. டகோமாவின் முன்சக்கர அமைப்பில் ஷாக் அப்சார்பர், சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் நடுவாக்கில் நிற்பதால், மேலே ஓர் அங்குல வட்டு வைத்தால் சக்கரத்தில் ஏறக்குறைய இரண்டு அங்குல உயரம் கிடைக்கும். குறைந்த செலவில் நிறைய உயரம் என்று அப்போது தோன்றியது. ஆனால் ஸ்பிரிங்கும் ஷாக்கும் பழையவையே. பள்ளத்தில் சக்கரம் கீழே இறங்குவதற்கு இருக்க வேண்டிய இடத்தை வட்டு தின்றுவிட்டதால், ஒவ்வொரு வேகத்தடையிலும் முன்பக்கம் 'டக்' என்று மேல்முட்டியது. முன் அச்சுத்தண்டுகள் கூடுதல் சாய்வில் சுழன்றதில் பதினோராயிரம் மைலுக்குள் ஒரு ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் சக்கரத்தின் உட்புறம் முழுவதும் தெறித்திருந்தது. முகப்பு விளக்குகளைத் தாழ்த்தி வைக்கவும் யாரும் நினைக்கவில்லை. எதிரே வந்தவர்கள் விளக்கை அணைத்து அணைத்துக் காட்டியபோதுதான் எனக்கே தெரிந்தது.

அந்தப் பருவத்தில் மேசனுக்குப் போகும் வழியில், சரக்கு லாரிகள் எடை போடும் எடைமேடையில் வண்டியை ஏற்றிப் பார்த்தேன். நானும் நண்பரும் 160 கிலோ, கூடு 75, மரப்பலகை அடுக்கு 45, ஐஸ் பெட்டி 40, தண்ணீர் 40, கூடாரமும் துப்பாக்கிகளும் கருவிகளும் 50 என்று மனக்கணக்கில் 410 கிலோ வந்தது. பம்பரும் வின்ச்சும் சேர்ந்து இன்னொரு 85. எடைமேடை 5,640 பவுண்டு காட்டியது. இந்த வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடையோ 5,600. மான் ஒன்றும் ஏறாமலேயே வரம்பைத் தாண்டியிருந்தேன். கனமான ஸ்பிரிங் போட்டால் இந்த வரம்பு உயரும் என்று பலர் நம்புகிறார்கள். ஸ்பிரிங் வண்டியின் பின்புறம் அமுங்காமல் நிமிர்த்தி வைக்கும், அவ்வளவே. பிரேக்கும் அச்சும் சட்டகமும் மாறாதவரை தூணில் எழுதியிருக்கும் எண் மாறாது.

பம்பரையும் வின்ச்சையும் கழற்றி விற்றுவிட்டு, 2022இல் வேறொரு சிறிய பணிமனையில் ஓல்ட் மேன் ஈமு சஸ்பென்ஷனைப் போட்டேன். 1975இல் மெல்பர்னில் தொடங்கிய ஏ.ஆர்.பி. நிறுவனத்தின் தயாரிப்பு இது. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், எத்தனை அங்குலம் உயர வேண்டும் என்று கேட்பதற்கு முன்பு, வண்டியில் எப்போதும் எவ்வளவு எடை ஏறியிருக்கும் என்று கேட்டு, அதற்கேற்ற ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்கச் செய்கிறார்கள் என்பதுதான். முன்புறத்தில் இரும்பு பம்பர் இல்லாத வண்டிக்கான ஸ்பிரிங், பின்புறத்தில் நடுத்தர எடைக்கான லீஃப் ஸ்பிரிங் அடுக்கு, நான்கு பக்கமும் நைட்ரோசார்ஜர் ஷாக் அப்சார்பர்கள் என்று எடுத்துக்கொண்டேன். கனரக அடுக்கை எடுத்திருந்தால் வேட்டை நாளில் சுகமாகவும், வெறும் வண்டியாக அலுவலகம் போகும் நாளில் முதுகெலும்பு குலுங்கும்படியும் இருந்திருக்கும். முன்புறம் இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேல் உயர்ந்தது. வீல் அலைன்மென்ட் அளவுகளைத் தாளில் அச்சிட்டுக் கொடுத்தார்கள். விளக்குகளின் ஒளியை அங்கேயே சுவரில் அடித்துப் பார்த்துத் தாழ்த்தினார்கள். கூலியோடு ஏறத்தாழ 1,900 டாலர் ஆயிற்று. சரளைப் பாதையில் மணிக்கு 30 மைலில் போகும்போது, பாதையில் தகரம்போல் அலை அலையாகக் கிடக்கும் மேடுகள் ஸ்டீயரிங்கில் கையை உதறுவது நின்றுவிட்டது. முழுச் சுமையோடு வளைவில் திரும்பும்போது வண்டி ஒருபக்கம் சாய்வதும் வெகுவாகக் குறைந்திருக்கிறது. மொத்தச் செலவிலும் இதுவே சிறந்த செலவு என்று தயங்காமல் சொல்வேன்.

டயருக்கு பி.எஃப். குட்ரிச் ஆல் டெரெய்ன் கே.ஓ.2 போட்டேன். 2024இல் இதற்கு அடுத்ததான கே.ஓ.3 வந்துவிட்டது, நான் எழுதுவது பழையதைப் பற்றி மட்டுமே. அளவை மாற்றாமல், வண்டி வந்த அதே 265/70, 16 அங்குல அளவிலேயே நின்றேன். ஒரு படி மேலே போய் 265/75 எடுத்தால் விட்டம் 30.6 அங்குலத்திலிருந்து 31.6 ஆகும், வேகமானி 70 காட்டும்போது உண்மையில் 72க்கு மேல் ஓடிக்கொண்டிருப்போம். அந்த ஓர் அங்குலத்தில் தரையிலிருந்து கூடுவது அரை அங்குலம்தான், அதற்காக இதையெல்லாம் மாற்ற எனக்கு மனம் வரவில்லை. புதிதாக இருந்தபோது பட்டன் ஆழம், அதாவது டயரின் மேல் இருக்கும் பள்ளங்களின் ஆழம், 15/32 அங்குலம். ஐயாயிரம் மைலுக்கு ஒருமுறை இடம் மாற்றிப் போட்டு 28,000 மைல் ஓடிய பிறகு, அளவுகோல் வைத்துப் பார்த்தால் 10/32 நிற்கிறது. இரண்டு பருவங்களில் முள்ளால் ஒருமுறைகூடக் காற்று இறங்கவில்லை. பக்கச்சுவரில் மெஸ்கிட் கீறிய கோடுகள் மட்டும் வெள்ளையாகத் தெரிகின்றன.

இந்த வகை டயர் எதுவானாலும் அதற்கென்று ஒரு விலை உண்டு. நெடுஞ்சாலையில் 60 மைலுக்கு மேல் ஒரு சீரான ரீங்காரம் கேட்கும். ஒரு கேலன் பெட்ரோலுக்கு 20 மைல் கொடுத்துக்கொண்டிருந்த என் வண்டி, எல்லா மாற்றங்களும் சேர்ந்து இப்போது பதினேழரைதான் கொடுக்கிறது. கவனிக்கப்படாமல் போகும் இன்னொன்று காற்றழுத்தம். தூணில் எழுதியிருக்கும் 30 பி.எஸ்.ஐ. வண்டியோடு வந்த சாதாரணக் கார் வகை டயருக்கான கணக்கு. தடித்த, சுமை தாங்கும் வகை டயர் அதே எடையைத் தாங்க அதைவிடக் கூடுதல் காற்று வேண்டும். நான் தார்ச்சாலையில் 37 வைக்கிறேன். மணல் ஓடையைக் கடக்கும்போது 20க்கு இறக்கி, திரும்பும்போது பேட்டரியில் ஓடும் சிறு கம்ப்ரஸரால் ஏற்றிக்கொள்கிறேன். வின்ச்சை விற்ற காசில் வாங்கியது அந்தக் கம்ப்ரஸரும், மணலில் சக்கரத்தடியில் செருகும் இரண்டு பிளாஸ்டிக் பலகைகளும்தான். வின்ச்சை நான் ஒருமுறைகூடப் பயன்படுத்தியதில்லை. பலகைகளை மூன்று முறை பயன்படுத்தியாயிற்று.

பின்கூடு, அதாவது சரக்குத் தொட்டியின் மேல் மாட்டும் கண்ணாடியிழை டாப்பர், அன்றாட வாழ்க்கைக்கு அதிகம் உதவியது. மளிகைப் பைகள் மழையில் நனைவதில்லை, குழந்தையின் சைக்கிள் பூட்டுக்குள் இருக்கிறது. வேட்டை நாளில் பலகை அடுக்கின் மேல் மெத்தை விரித்து உள்ளேயே படுத்துக்கொள்ளலாம். கீழே பூட்டுள்ள நீண்ட இழுப்பறையில், குண்டு நீக்கிய துப்பாக்கி உறையோடு கிடக்கும். வீடு திரும்பியதும் துப்பாக்கியை இறக்கி இரும்புப் பெட்டியில் வைத்துவிடுவேன். அலுவலக வாகன நிறுத்தத்தில் நிற்கும் வண்டியில் அது இருக்கவே கூடாது, இதில் எனக்கு விட்டுக்கொடுத்தல் கிடையாது. 2,600 டாலர் கொடுத்து வாங்கிய இந்தக் கூட்டின் முன்விளிம்பில் முதல் மழையிலேயே தண்ணீர் கசிந்து பலகை ஊறிவிட்டது. தயாரித்தவர்கள் அனுப்பிய மாற்றுப் பட்டையும் நிற்கவில்லை. கடையில் விற்கும் தடித்த ரப்பர் பட்டையை நானே சுற்றி ஒட்டிய பிறகுதான் கசிவு நின்றது. டெக்சாஸில் நவம்பர் பிற்பகல் 27 டிகிரி வரை போகக்கூடும். மூடிய கூட்டுக்குள் இன்னும் அதிகம். ஆகவே இறைச்சியை வெறுமனே உள்ளே வைக்க நினைக்கவே வேண்டாம். துண்டுபோட்டு ஐஸ் பெட்டியில் அடுக்கி, உருகிய நீரை வடித்துக்கொண்டே வர வேண்டும்.

உயரத்தைப் பற்றி விற்பவர்கள் சொல்லாத ஒன்று உண்டு. வண்டியை எத்தனை அங்குலம் தூக்குகிறோமோ, அத்தனை அங்குலம் மானையும் கூடுதலாகத் தூக்க வேண்டும். மூன்று அங்குலம் உயர்ந்திருந்த ஆண்டில், முன்புறத்துக்கு ஈடாகப் பின்புறத்தையும் கட்டை வைத்து ஏற்றியிருந்தார்கள்; குடல் நீக்கிய நாற்பது கிலோ மானைப் பின்கதவின் மேல் ஏற்ற இரண்டு பேர் மூச்சு வாங்கினோம். இப்போது பின்புறம் ஓர் அங்குலம்தான் உயர்ந்திருக்கிறது, அது கைக்கு அடக்கமாக இருக்கிறது. சென்ற கோடையில் மதுரையிலிருந்து வந்திருந்த அம்மா, சேலையோடு முன் இருக்கையில் ஏற முயன்று பாதியில் நின்று, "பஸ்ல ஏறுற மாதிரில்ல இருக்கு, ஒரு படி வச்சுக் குடுப்பா" என்றார். அடுத்த வாரமே இருபுறமும் அலுமினிய ஏறுபடி மாட்டினேன். இரண்டும் சேர்ந்து 18 கிலோ. தூணில் இருக்கும் எண்ணிலிருந்து அதையும் கழித்துக்கொண்டு, அதற்கு ஈடாக இந்தப் பருவத்தில் தண்ணீர்க் கேன் ஒன்றைக் குறைத்துவிட்டேன்.