மகளின் வாயால் கேட்ட கிளினிக்

என் மகளுக்கு ஒன்பது வயது. சின்னதிலிருந்தே முட்டு வருத்தம் (ஆஸ்துமா). களுவாஞ்சிகுடியிலிருந்து பஸ் ஏறி, கல்லடிப் பாலம் தாண்டி, மட்டக்களப்பு டவுனிலுள்ள ஒரு சிறுவர் கிளினிக்குக்குப் போனோம். இரண்டு மணித்தியாலம் காத்திருந்தது எரிச்சல்தான். கதிரைகளும் போதாது.

ஆனால் உள்ளே நடந்தது வேறு. டொக்டர் என்னை மட்டும் கேட்கவில்லை. பிள்ளையின் அன்றாட வாழ்க்கை எப்படிப் போகிறது என்று பார்க்கிற பீட்ஸ்கியூஎல் (PedsQL) என்ற கேள்வித்தாளை மகளிடம் கொடுத்தார். 23 கேள்விகள்: உடம்பு, மனசு, கூட்டாளிமார், பள்ளிக்கூடம். கடந்த ஒரு மாதத்தில் ஒவ்வொன்றும் எவ்வளவு கஷ்டம் என்று 0 முதல் 4 வரை போட வேண்டும். எனக்கும் தனியாக ஒன்று தந்தார்கள்.

நான் இருமல், நித்திரை என்று நினைத்துக்கொண்டிருக்க, அவள் ஓடுவதற்கும், கூட்டாளிமாரோடு சேர்ந்து விளையாடுவதற்கும் 4 போட்டிருந்தாள். "என்ன மனே இது?" என்றேன். "விளையாட்டுப் பாடத்துக்கு நான் எப்பவும் மரத்துக்குக் கீழதானேம்மா இருக்கிறன்" என்றாள். இவ்வளவு நாளும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கள்ளி.

டொக்டர் இன்ஹேலர் இழுக்கும் முறையைச் செய்து காட்டச் சொன்னார். பிழையாகத்தான் இழுத்திருக்கிறாள். இன்ஹேலரில் பூட்டி மருந்தை இழுக்கிற குழாய், ஸ்பேசர் ஒன்று எழுதித் தந்தார்.

ஒரு குறை: தாளிலிருந்த தமிழ் பாடப்புத்தகம் மாதிரி. சில கேள்விகளை நேர்ஸ்தான் நம்முடைய பேச்சில் சொல்லிக் கொடுத்தார். நேரத்தோடு போய் நம்பர் எடுங்கள், தண்ணீர்ப் போத்தலும் கொண்டு போங்கள். அடுத்த மாதம் திரும்பவும் போகிறோம்.