லைனா ரிங்க்கில் ஹார்வர்டு ஆட்டம்: மீன் இல்லாவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்

கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஐஸ் ஹாக்கி அரங்கமான லைனாவுக்கு ஹார்வர்டு ஆட வரும்போது டிக்கெட் வாங்கலாமா, வாங்கினால் எந்தப் பக்கம் என்று நண்பர் ஒருவர் கேட்டார். வாயால் சொன்ன பதில் கொஞ்சம் காட்டமாகிவிட்டது, அதனால் எழுதிப் பார்க்கிறேன். பல பருவங்களாகக் கார்னெலுக்காகக் கத்திய தொண்டையின் கருத்து இது. நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

முதலில் எரிச்சல். மீன்.

1973-இல் ஹார்வர்டில் நடந்த ஆட்டத்தில் கார்னெல் கோல்கீப்பரை நோக்கிக் கோழியை எறிந்தார்கள். நம்மிடம் வேளாண்மைக் கல்லூரி இருப்பதால் பட்டிக்காடு என்று நக்கல். அவர்கள் கார்னெல் இருக்கும் இத்தாக்காவுக்கு வந்தபோது, பாஸ்டன் மீன்பிடித் துறைமுகம்தானே என்று இங்கிருந்து மீன் பறந்தது. அன்றைக்கு அது சரியான பதிலடி. அதே பதிலடியை அரை நூற்றாண்டாகக் கொடுத்துக்கொண்டே இருந்தால் எப்படி?

பழமை மேல் எனக்குக் கோபம் இல்லை, ஐஸ் கெட்டுப்போவதுதான் கோபம். வார்ம்-அப் முடிந்ததும் ஐஸைச் சமப்படுத்தும் ஸாம்போனி வண்டி வந்து, சுரண்டி, வெந்நீர் விட்டு, தளத்தை மெழுகிவிட்டுப் போகிறது. அதற்குப் பிறகுதான் ஹார்வர்டு இறங்குகிறது, மீனும் இறங்குகிறது. ஐஸின் மேற்பரப்பு சுமார் மைனஸ் 4, 5 டிகிரி. சட்டைக்குள் ஒளிந்து வந்து சூடேறிய மீன் விழுந்த இடத்தில் ஒரு நூல் அளவு உருகும். செதிலையும் வழுவழுப்பையும் பிடித்துக்கொண்டு மறுபடி உறைந்துவிடும். முழு மீனை மண்வாரியால் அள்ளிவிடலாம். ஒட்டியதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும், சுரண்டினால் பள்ளம் விழும். அடுத்த மெழுகல் முதல் பீரியட், அதாவது முதல் 20 நிமிட ஆட்டம், முடிந்த பிறகுதான்.

பந்துக்குப் பதிலாக மட்டையால் அடிக்கும் பக், 1 அங்குலக் கனம், 3 அங்குல விட்டம், 6 அவுன்ஸ் எடையுள்ள ரப்பர் வட்டு. துள்ளாமல் ஓட வேண்டும் என்பதற்காகவே அதை முன்கூட்டி உறையவைத்துக் கொண்டுவருகிறார்கள். அப்படிப்பட்ட பக்கைச் செதில் மேல் ஓடவிட்டால் பாஸ் எப்படிச் சேரும்? ஹார்வர்டு கூடி நிற்பது தன் கோலுக்கு முன்னால். அதாவது, முதல் பீரியடில் நாம் தாக்கப் போகிற முனை. நம் ஆட்டக்காரன் ஷாட் அடிக்க வேண்டிய இடத்தை நாமே கெடுத்துவைக்கிறோம்.

ஆட்டம் தொடங்கிய பிறகும் யாராவது எறிந்தால் இன்னும் மோசம். ஆட்டத்தைத் தாமதப்படுத்தியதாக நடுவர் உள்ளூர் அணி மேலேயே பெனால்டி போடலாம். 2 நிமிடத்துக்கு அவர்கள் ஐந்து பேர், நாம் நான்கு பேர். சொந்தக் காசில் சூனியம் என்பார்களே, அது இதுதான். 29 ஆட்டம் ஆடி 29-லும் ஜெயித்து, தோல்வியோ டிராவோ இல்லாமல் பட்டம் வாங்கிய 1970 கார்னெல் அணிக்கு மீன் தேவைப்படவில்லை.

சரி, மூச்சு விட்டுக்கொள்கிறேன். மீனைக் கழித்துவிட்டால் இந்த இடத்துக்கு ஈடு கிடையாது. 1957-இல் திறந்த கூடம், 4,267 பேர்தான் கொள்ளும், சத்தம் எங்கும் கசியாது. எதிரணியின் பெயர்களை வாசிக்கும்போது மாணவர் பகுதி மொத்தமும் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொள்ளும். ஒவ்வொரு பெயருக்கும் ஒரே குரலில் 'போரிங்!' தேசிய கீதத்தில் 'ரெட்' என்ற சொல் வரும்போது, கார்னெலின் நிறம் சிவப்பு என்பதால், கூரை அதிரும். பி பகுதியில் மாட்டுமணி தாளம் போடும், பேண்டு அதோடு சேர்ந்துகொள்ளும். கோல் விழுந்தால் எதிரணிக் கோல்கீப்பரைச் சுட்டிக்காட்டி 'சல்லடை, சல்லடை' என்று ஆங்கிலத்தில் கத்துவார்கள். தமிழில் கத்தினால் இன்னும் நன்றாக இருக்கும் என்பது என் தனிப்பட்ட கருத்து. வெற்றி உறுதியான கடைசி நிமிடங்களில் சாவிக்கொத்தைக் குலுக்குவது, 'போய் உங்கள் பஸ்ஸை ஸ்டார்ட் பண்ணுங்கள்' என்பதற்கு. இரண்டு கோல் முன்னிலை இருந்தால் மட்டும் குலுக்குங்கள். ஒரு கோல் முன்னிலையில் குலுக்கிவிட்டு வாங்கிக் கட்டிக்கொள்வது மீனைவிடக் கேவலம்.

இருக்கை விஷயம். கண்ணாடியை ஒட்டிய வரிசை படத்துக்குத்தான் நன்றாக இருக்கும். ஐஸைச் சுற்றியுள்ள தடுப்புப் பலகையில் நம் பக்கத்து ஓரமாகப் பக் போனால் அங்கிருந்து ஒன்றும் தெரியாது. ஐஸில் தாக்கும் பகுதியைப் பிரிக்கும் நீலக்கோட்டுக்கு நேராக, மேல் வரிசைகளைப் பாருங்கள். கோலுக்குப் பின்னால் வலை தொங்கும், ஐந்து நிமிடத்தில் கண் பழகிவிடும். மாணவர் பக்கம் வாங்கினால் ஆட்டம் முழுக்க நிற்க வேண்டும், முழங்கால் வலி உள்ளவர்கள் எதிர்ப்பக்கம் போங்கள். வார்ம்-அப்பில் எதிரணி எந்த முனையில் இருக்கிறதோ அதுதான் முதல், மூன்றாம் பீரியடில் அவர்கள் காக்கும் முனை. நம் கோல்களை அருகில் பார்க்க அந்த முனை. ஆனால் இரண்டாம் பீரியடையும் அலட்சியம் செய்யாதீர்கள். முனை மாறுவதால் தடுப்பாட்டக்காரர்களுக்குத் தங்கள் பெஞ்ச் தூரமாகிவிடும், களைத்தவர்களை மாற்ற முடியாமல் மாட்டிக்கொள்வார்கள். ஆட்டம் அங்கேதான் உடையும்.

தொழில்முறை லீகான என்ஹெச்எல் பார்த்துப் பழகியவர்கள் சண்டையை எதிர்பார்க்க வேண்டாம். கல்லூரி ஆட்டத்தில் முகத்துக்கு முழு மறைப்பு. கைகலப்பில் இறங்கியவர் அன்றைக்கும் வெளியே, அடுத்த ஆட்டத்துக்கும் வெளியே. ஆட்டம் சமனானால் கூடுதலாக 5 நிமிடம், கோல்கீப்பர் நீங்கலாக மூவருக்கு மூவர். அதைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை, இன்று அதற்கு நேரமும் இல்லை.

முடிவாகக் கேட்டால், ஹார்வர்டு வேண்டாம், டார்ட்மத் கல்லூரியோடு நடக்கும் ஆட்டத்தை வாங்குங்கள். இரண்டு அணிகளும் ஒரே வார இறுதியில்தான் வருவார்கள், அடுத்தடுத்த இரவு. அதே மணி, அதே பேண்டு, அதே செய்தித்தாள், ஐஸ் மட்டும் சுத்தம். நெரிசலும் குறைவு. ஹார்வர்டு டிக்கெட்டை அவசரப்பட்டு ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? வெளியே யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், எனக்குச் சொல்லுங்கள். வாங்கிய விலைக்கே எடுத்துக்கொள்கிறேன்.