முப்பது ரூபாய்ச் சாப்பாடும் என் ஓட்டும்

கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து தமிழ்நாட்டு எல்லைக்குப் போகிற வழியில் எங்கள் ஊர். இங்கே இருக்கிற ஜனகீய ஹோட்டலைப் பற்றி, அதாவது குறைந்த விலையில் சாப்பாடு போடுகிற மக்கள் ஹோட்டலைப் பற்றி, எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது பஞ்சாயத்துத் தேர்தல் வந்துவிட்டது, ஹோட்டலை நடத்துகிற அக்காவே எங்கள் வார்டில் நிற்கிறார், அவர் பக்கத்து ஆட்கள் ஜெயித்தால் அவர்தான் பிரசிடெண்ட் என்றும் சொல்லிவிட்டார்கள், அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். நான் பொள்ளாச்சிக்குத் தேங்காய் லோடு ஓட்டுகிறவன். வாரத்தில் ஐந்து நாளாவது மதியச் சாப்பாடு அங்கேதான்.

முதலில் சாப்பாடு. சோறு, சாம்பார், ஒரு உப்பேரி (நம்ம பொரியல்தான்), ஊறுகாய், மோர். மட்டை என்கிற சிவப்புப் புழுங்கல் அரிசியும் உண்டு, வெள்ளை அரிசியும் உண்டு, கேட்டுத்தான் போடுவார்கள். இது சின்ன விஷயம் இல்லை, இந்தப் பக்கம் ஒரே வீட்டில் மாமியாருக்கு வெள்ளைச் சோறும் மருமகளுக்கு மட்டைச் சோறும் வடிக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. வியாழக்கிழமை கொள்ளு ரசம் வைப்பார்கள், அது எங்கள் அம்மா கை ரசத்துக்குப் பக்கத்தில் வரும். மீன் வறுவல் வேண்டுமென்றால் தனிக் காசு. குறை என்று பார்த்தால் சாம்பார் சில நாள் நீர்த்துப் போயிருக்கும், மின்விசிறி ஒன்றுதான், மார்ச், ஏப்ரலில் உள்ளே உட்கார முடியாது.

தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இது குடும்பஸ்ரீ, அதாவது கேரள அரசின் மகளிர் குழுத் திட்டத்துப் பெண்கள் நடத்துகிற ஹோட்டல். 2020-இல் கேரள அரசு இந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது சாப்பாடு 20 ரூபாய், ஒரு சாப்பாட்டுக்கு 10 ரூபாய் வீதம் அரசு மானியம் கொடுத்தது. 2023 ஆகஸ்டில் அந்த மானியம் நின்றது, விலை 30 ஆனது. அதற்கு முந்தைய மாதங்களின் பாக்கியும் கைக்கு வந்து சேரவில்லை. கடனுக்கு மளிகை எடுத்து எத்தனை நாள் ஓட்ட முடியும்?

அந்த ஆகஸ்ட் மாதம்தான் இந்த அக்கா யாரென்று எனக்குத் தெரிந்தது. விலை ஏறின முதல் நாள் வாசலில் ஒரு கரும்பலகை. தமிழிலும் மலையாளத்திலும் கணக்கு எழுதியிருந்தது: அரிசி இவ்வளவு, கேஸ் இவ்வளவு, காய்கறி இவ்வளவு, வேலை செய்கிற நான்கு பேருக்கு ஆளுக்கு இவ்வளவு, கடையில் கடன் இவ்வளவு. எதையும் மறைக்கவில்லை. தேங்காய் உரிக்கிற ஒரு பெரியவர் இருபது ரூபாய் நோட்டை நீட்டிக்கொண்டு தயங்கி நின்றார். அக்கா, "இருக்கறதப் போட்டுட்டு உக்காருங்க ஐயா, சோத்துல கொறைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு இலையைப் போட்டார். அந்தக் கரும்பலகை இன்றைக்கும் இருக்கிறது, மாதம் பிறந்தால் புதுக் கணக்கு ஏறும். பொதுப் பணம் கையாளுகிற எத்தனை பேர் இப்படி வாசலில் எழுதி வைக்கிறார்கள்?

அடுத்தது என் சொந்த விஷயம். அப்பா போன பிறகு அம்மாவுக்கு விதவை பென்ஷன் எழுதிப் போட்டோம். விண்ணப்பம் முழுக்க மலையாளம். எனக்குப் பேச வரும், எழுத வராது, அம்மாவுக்குக் கையெழுத்தே தமிழில்தான். ஒரு அலுவலகத்தில், எந்த அலுவலகம் என்று சொல்லவில்லை, மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது தடவை அம்மா வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதுவிட்டார். மதியம் சாப்பிடப் போனவன் இதைச் சொன்னேன். அக்கா கரண்டியைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, "தமிழ்லயே எழுது கண்ணு, வாங்கித்தான் ஆகணும்" என்றார். 1969-ஆம் வருட ஆட்சிமொழிச் சட்டத்திலேயே அது இருக்கிறதாம். தமிழரும் கன்னடரும் சிறுபான்மையாக இருக்கிற பகுதிகளில் அங்கே உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தங்கள் மொழியிலேயே எழுதலாம், பதிலும் அதே மொழியில் வர வேண்டும். முப்பத்தாறு வருடம் இந்த மண்ணில் இருக்கிறேன், எனக்கு இதை யாரும் சொன்னதில்லை. மறுநாள் காலையில் அவரே கூட வந்தார், சத்தம் போடவில்லை, சட்டத்தைச் சொன்னார், மனு வாங்கினதற்கு ரசீது வாங்கினார், பதினொன்றரைக்கு உலை வைக்கத் திரும்பிவிட்டார். அம்மாவுக்கு இப்போது பென்ஷன் வருகிறது.

எங்கள் வீடு பரம்பரையாக வேறு கட்சி. அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. ஆனால் நான் யோசித்துத்தான் முடிவெடுத்தேன். தமிழ்நாட்டில் பஞ்சாயத்துத் தலைவரை ஜனங்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், கேரளத்தில் அப்படி இல்லை, நாம் வார்டு மெம்பரைத்தான் தேர்ந்தெடுக்கிறோம், மெம்பர்கள் கூடிப் பிரசிடெண்டைத் தேர்ந்தெடுப்பார்கள். அதனால் எங்கள் வார்டில் விழுகிற ஒவ்வொரு ஓட்டும் அவருக்குத் தேவை.

பிரசிடெண்ட் நாற்காலியில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்குப் பக்கத்துப் பெருமாட்டிப் பஞ்சாயத்தைச் சொல்வேன். அங்கே பிளாச்சிமடையில் இருந்த கோக்க கோலா ஆலைக்கு 2003-இல் லைசென்ஸைப் புதுப்பிக்க மாட்டோம் என்று சொன்னது ஒரு கிராமப் பஞ்சாயத்துதான். கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போய் ஆலை வாசலில் உட்கார்ந்து போராடிய ஜனங்களின் பக்கம் அந்தப் பஞ்சாயத்து நின்றது, 2004 மார்ச்சில் ஆலை நின்றது. கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்துக் காத்திருக்கிற எங்களுக்கு, அந்த இடத்தில் யார் உட்காருகிறார் என்பது ரொம்பப் பெரிய விஷயம்.

அக்காவுக்கு மேடையில் பேச வராது. மைக்கைக் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவார். கோபமும் வரும், எச்சில் இலையை வெளியே வீசினவனை நிற்க வைத்துத் திட்டியதைப் பார்த்திருக்கிறேன். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் என் ஓட்டு அவருக்கு என்று சொல்கிறேன்.

எனக்கு ஒரு கவலை இருந்தது, போன வாரம் கேட்டே விட்டேன். "நீங்க பஞ்சாயத்து ஆபீசுக்குப் போயிட்டா இங்க யாருக்கா பார்ப்பாங்க?" அக்கா பதில் சொல்லாமல் கல்லாப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே கூட வேலை செய்கிற இளைய பெண் கணக்கு நோட்டை வைத்துக்கொண்டு அன்றைய அரிசியை எழுதிக்கொண்டிருந்தாள். இரண்டு மாதமாக அவள்தான் எழுதுகிறாளாம், கரும்பலகையில் இருந்த எழுத்தும் அவளுடையதுதான், நான் கவனிக்கவே இல்லை.

பன்னிரண்டரைக்குப் பந்தி தொடங்கும். ஒன்றரைக்கு மேல் போனால் மட்டைச் சோறு தீர்ந்திருக்கும். பார்சல் 35.