இரண்டு சாக்கெட் சர்வரும் பெர்ஃப் சி2சி-யும்: சில வருட அனுபவம்

எங்கள் சி++ புரோகிராம்கள் சில வருடங்களாக இரண்டு சாக்கெட் (ஒரே போர்டில் இரண்டு பிராசஸர் சிப்) உள்ள இன்டெல் ஜியான் சர்வர்களில்தான் ஓடுகின்றன. சிப்பில் உள்ள ஒவ்வொரு கோரும் மெமரியின் பிரதியை வைத்துக்கொள்ளும் சிறு வேக நினைவகம்தான் கேச்; இந்தக் கேச்களை ஒன்றுக்கொன்று முரண்படாமல் வைத்திருப்பதில் ஹார்டுவேரைக் குறை சொல்ல எதுவும் இல்லை, அது தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. அதற்கு நாம் கொடுக்கும் விலைதான் கண்ணில் படாது. கேச் லைன் (கேச்சுக்குள் டேட்டா ஒரே மொத்தமாக வரும் சிறு துண்டு) வந்துசேரக் கோர் சும்மா காத்துக் கிடந்தாலும் டாப் கமாண்டில் 100% வேலை செய்வதாகத்தான் தெரியும்.

அந்த விலையைப் பார்க்க நான் நம்புவது லினக்ஸ் 4.10-இல் (2017) வந்த பெர்ஃப் சி2சி (கேச்-டு-கேச்) என்ற கருவியை. ஒரு கோர் கேட்ட லைன் இன்னொரு கோரின் கேச்சில் மாற்றப்பட்ட நிலையில் இருந்தால் அதை ஹிட்எம் என்று கணக்கெடுத்து, அதிகம் அடிபடும் லைன்களை வரிசைப்படுத்திக் கொடுக்கும். அடுத்த சாக்கெட்டில் இருந்து வந்தவை தனிப் பத்தியில் இருக்கும், முதலில் பார்க்கவேண்டியது அதைத்தான்.

ஒரு உதாரணம். த்ரெட்டுக்கு ஒன்றாக 8 பைட்டு கவுன்டர்கள், ஒரே அரேயில். லாக் கிடையாது, யாரும் அடுத்தவன் கவுன்டரைத் தொடுவதில்லை. ஆனால் லைன் 64 பைட்டு, அதாவது எட்டு கவுன்டர்கள் ஒரே லைனில். ஒரு த்ரெட் எழுதும்போதெல்லாம் மற்ற கோர்களில் உள்ள பிரதி செல்லாமல் போய், லைன் இரண்டு சாக்கெட்டுக்கும் நடுவே பந்தாடப்படுகிறது. ரிப்போர்ட்டில் அந்த ஒரு முகவரிதான் உச்சியில் நின்றது. அலைன்ஆஸ் 64 போட்டு ஒவ்வொரு கவுன்டரையும் தனி லைனில் வைத்ததும் பெரும்பாலும் சரியாகிவிட்டது. இன்டெல் பிரீஃபெட்ச்சர் (டேட்டாவைக் கேட்குமுன்பே எடுத்து வரும் ஹார்டுவேர்) பக்கத்து லைனையும் ஜோடியாக இழுப்பதால் இப்போதெல்லாம் 128-தான் போடுகிறேன்.

இதற்கே புலம்புகிறோம், 1990-களில் ரைஸ் பல்கலைக்கழகத்தின் ட்ரெட்மார்க்ஸ் மாதிரி பல கணினிகளின் மெமரியை ஒன்றாகக் காட்ட மென்பொருளில் செய்த பகிர்நினைவகங்களில் இதே தொல்லை ஒரு முழு மெமரிப் பக்கத்துக்கும் பரவியது. எழுதுமுன் பக்கத்துக்கு ஒரு நகல் எடுத்து வைத்து, பிறகு மாறிய பைட்டுகளை மட்டும் அனுப்பிச் சமாளித்தார்கள்.

குறைகள் உண்டு. ரிப்போர்ட்டின் அகலம் எந்தத் திரையிலும் அடங்காது. லைனின் தொடக்கத்தில் இருந்து ஆஃப்செட் 18 என்று ஹெக்ஸில் சொல்லும், அது எந்த ஃபீல்டு என்று பாஹோல் (ஸ்ட்ரக்ட்டில் எது எங்கே இருக்கிறது என்று காட்டும் கருவி) வைத்து நாமேதான் பார்க்க வேண்டும். உண்மையிலேயே எல்லோரும் எழுதும் ஒரே க்யூ என்றால் பேடிங் (நடுவே காலி இடம்) போட்டுப் பயனில்லை, சாக்கெட்டுக்கு ஒன்றாகப் பிரித்தாக வேண்டும். அப்புறம் நூமாசிடிஎல் கமாண்டை வைத்து த்ரெட்டையும் மெமரியையும் ஒரே நோடில் (ஒரு சாக்கெட்டும் அதன் சொந்த மெமரியும்) கட்ட வேண்டும். சொந்த நோடுக்கு 10, அடுத்த நோடுக்கு 21 என்று நூமாசிடிஎல் காட்டும் தூரங்கள் ஃபர்ம்வேர் சொல்லும் விகிதம்தான், அளந்து பார்த்த நேரம் இல்லை.

கிளவுட் விஎம்-இல் (மெய்நிகர் கணினியில்) ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள், இதற்குத் தேவையான பிராசஸர் கவுன்டர்கள் பெரும்பாலும் உள்ளே தெரியாது. நாங்கள் இதற்கென்றே பழைய நிஜ சர்வர் ஒன்றை வேறு வேலை எதுவும் கொடுக்காமல் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.