எழுத்து ஓடாதபோது: மேசையா, குளக்கட்டா, முற்றமா?

எழுத முடியாமல் போவதில் இரண்டு வகை உண்டு என்பதைப் பிந்தியே அறிந்தேன். சொல்ல ஒன்றும் இல்லாமல் பேனா நிற்பது ஒரு வகை. சொல்ல வேண்டியவை எல்லாம் ஒருமிக்க வந்து முட்டுவதால் நிற்பது மற்றது. இலங்கையின் வடக்கே, போர் கடந்த வன்னியில் எழுத அமரும் பலருக்கு வாய்ப்பது இரண்டாவது. 2009இல் போர் முடிந்த பிறகு ஊர் திரும்பியதைப் பற்றி ஒரு சிறுகதை தொடங்கி, முதற் பந்தியைத் தாண்ட முடியாமல் எட்டு மாதங்கள் தவித்தேன். அந்தக் காலத்தில் மாறிமாறிக் கையாண்ட மூன்று வழிகளையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

எவரும் முதலில் சொல்வது, நாள்தோறும் குறித்த நேரத்தில் மேசைக்குப் போ என்பதைத்தான். ஆங்கில நாவலாசிரியர் அந்தனி ட்ரொலப் தபால் திணைக்களத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே, அதிகாலை ஐந்தரைக்குக் கடிகாரத்தை முன்னால் வைத்து, கால் மணித்தியாலத்துக்கு 250 சொற்கள் என்ற கணக்கில் எழுதி, 47 நாவல்களை முடித்தவர். சம்பளத் தொழிலும் எழுத்துமாக வாழ்பவர்களுக்கு இந்த முன்மாதிரி பெரிய ஆறுதல். வெற்றுத்தாளைக் கண்டு வரும் அச்சம் இரண்டு கிழமைகளில் குறைந்துவிடுகிறது என்பதும் உண்மை. ஆனால் என் கொப்பியில் நிறைந்தது ஒரே பந்திதான். "நாங்கள் திரும்பி வந்தபோது" என்று தொடங்கும் அதே வாக்கியத்தை வெவ்வேறு சொற்களில் நாள்தோறும் எழுதினேன். எதை எழுதுவது என்று தெரிந்தவனுக்கே மேசை உதவுகிறது.

அடுத்தது நடை. எனக்குக் கிளிநொச்சியின் இரணைமடுக் குளக்கட்டு கிட்ட இருந்தது. ஒரு பக்கம் 36 அடி ஆழம் வரை கொள்ளும் நீர், மறுபக்கம் பச்சை வயல், நடுவே நேராகப் போகும் கட்டு. யோசித்து நடக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. நடையின் பயனை 2014இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வொன்று அளந்து காட்டியது: அமர்ந்திருந்தபோதைவிட நடக்கும்போது புதிய எண்ணங்கள் சராசரியாக 60 சதவீதம் கூடின. வெற்றுச் சுவரைப் பார்த்தபடி நடை இயந்திரத்தில் நடந்தவர்களுக்கும் எண்ணங்கள் பெருகின என்பதால், இதில் காட்சியைவிடக் காலுக்கே பங்கு அதிகம். அதே ஆய்வின் இன்னொரு முடிவைப் பலர் கவனிப்பதில்லை. ஒரே சரியான விடையைத் தேடும் பணியில் நடந்தவர்கள் சற்றுப் பின்தங்கினார்கள். எனக்கும் அப்படித்தான் ஆயிற்று. ஏற்கெனவே நிரம்பி வழிந்த மனதுக்குக் கட்டு இன்னும் பத்து எண்ணங்களைத் தந்தது. ஒன்றைத் தெரிந்தெடுக்க உதவவில்லை. சொல்ல ஒன்றுமில்லை என்று வருந்துபவருக்கு நான் முதலில் நடையையே சொல்வேன். காட்டோரக் குளங்களில் யானை இறங்கும் என்பதால், பொழுது படமுன் திரும்பிவிட வேண்டும்.

மூன்றாவது, பிறர் முற்றத்தில் இருந்து கேட்பது. முல்லைத்தீவுப் பாணியான முல்லைமோடியில் ஆடப்படும் கோவலன் கூத்தும், அறுவடையில் பாடும் அரிவு வெட்டுப் பாடல்களும் வாயும் செவியுமாகத் தலைமுறை தாண்டி வந்தவை; ஆகவே இந்த மண்ணுக்கு இது புதிய வழி அன்று. பக்கத்து வளவு ஆச்சியிடம் இடம்பெயர்ந்த கதையைக் கேட்கப் போனேன். அவர் அதைத் தொடவே இல்லை. தமது தையல் மெசினைப் பற்றி மட்டும் ஒரு மணித்தியாலம் பேசினார். ஊரை விட்டுப் போகுமுன் தேங்காயெண்ணெய் பூசி, இரண்டு யூரியாப் பைகளால் சுற்றி, முருங்கையடியில் புதைத்தாராம். திரும்பி வந்தபோது முருங்கையும் இல்லை. இடத்தைக் கிணற்றிலிருந்து அடி வைத்து எண்ணித்தான் கண்டுபிடித்தார். "தோண்டி எடுக்கேக்க ஊசித்தண்டு துருவேறி இறுகிப் போச்சு மோனை, கைச்சக்கரம் மட்டும் சுத்திச்சு" என்று சொல்லி, விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார்.

இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாய்ந்தால் நீர் கனகராயன் ஆற்றோடு சுண்டிக்குளத்துக்குப் போய்விடும். துருசு என்ற மதகு வழியாகத் திறந்துவிடும் நீரே வயலைச் சேரும். எட்டு மாதங்களாக நான் வான்கதவடியில் நின்றிருக்கிறேன். ஆச்சியின் மெசின்தான் எனக்குத் துருசு.

கேட்டலுக்கும் குறை இல்லாமல் இல்லை. பிறர் துயரத்தை அவர்கள் சம்மதமின்றி எடுத்தெழுதும் ஆசை வரும். ஆச்சியிடம் கேட்டு, அவர் தலையாட்டிய பிறகே எழுதினேன். கேட்டுக்கொண்டே இருந்து ஒரு வரியும் எழுதாமல் போவதும் எளிது. வாசிப்பைத் தனி வழியாக நான் எண்ணவில்லை. தடைபட்ட நாட்களில் பிறர் எழுத்து நடை என் கையில் ஒட்டிக்கொள்கிறது.

சொல்ல மிகுதியாக உள்ளவருக்கு என் தெரிவு முற்றம், பிறகு மேசை. அடுத்த நாள் ஐந்தரைக்கு அதே மேசையில் அமர்ந்தேன். "நாங்கள்" என்ற சொல்லை வெட்டிவிட்டு, கிணற்றடியிலிருந்து அடி எண்ணும் ஒரு கிழவியின் கால்களில் தொடங்கினேன். கதை பதினொரு காலைகளில் முடிந்தது.