ஜிட்ஸியா, லைவ்கிட்டா, பிக்புளூபட்டனா: சொந்தக் கணினியில் எதை ஏற்றுவது?

திறந்த மூல வீடியோ கான்ஃபரன்ஸ் செயலியில் கைவைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் வசதிப் பட்டியலைப் பார்த்தே தேர்ந்தெடுக்கிறார்கள். ஸ்கிரீன் ஷேர் உண்டா, ரெக்கார்டிங் உண்டா என்று. கோட் எழுதப் போகிறவருக்கு அது அவ்வளவாக உதவாது. எந்தப் பகுதியை மாற்றப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எதை ஏற்றுவது என்பது அதிலேயே பாதி முடிவாகிவிடும்.

பட்டன்கள், திரை அமைப்பு, மொழிபெயர்ப்பு என்றால் ஜிட்ஸி மீட்தான். 2003இல் ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் திட்டமாகத் தொடங்கியது. 2018 முதல் 8x8 நிறுவனத்திடம் இருக்கிறது. அதன் கோட் முழுவதையும் இறக்கி, டெர்மினலில் 'என்பிஎம் இன்ஸ்டால்', அப்புறம் 'மேக் டெவ்' கொடுத்தால் 8080 போர்ட்டில் திரை வந்துவிடும். சர்வர் எதுவும் நீங்கள் ஏற்ற வேண்டியதில்லை. பின்னணி வேலை முழுவதையும் ஜிட்ஸியின் சொந்தச் சோதனை சர்வரே பார்த்துக்கொள்கிறது. ரியாக்ட் (திரைகளை எழுத உதவும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) தெரிந்தவர் அன்றே மாற்றம் செய்து பார்க்கலாம். புதியவர்களை இவ்வளவு எளிதாக உள்ளே விடும் திட்டங்கள் குறைவு.

ஜிட்ஸியின் சர்வரும் நம் கணினியிலேயே ஓட வேண்டும் என்றால் டாக்கர் வழி. மென்பொருளைத் தனித்தனிப் பெட்டிகளாக, அதாவது கன்டெய்னர்களாக, ஓட்டும் கருவி அது. வெப், ப்ரோசோடி, ஜிகோஃபோ, ஜேவிபி (படத்தையும் குரலையும் கடத்தும் பகுதி) என்று நான்கு கன்டெய்னர்கள். கோடை 'கிட் குளோன்' கொண்டு எடுக்காமல், வெளியிட்ட பதிப்பின் ஜிப்பை எடுங்கள். அவர்களின் வழிகாட்டியும் அதைத்தான் சொல்கிறது. கடவுச்சொல் உருவாக்கும் ஸ்கிரிப்டைத் தவறாமல் ஓட்டிவிட்டு, 8443 போர்ட்டில் திறக்கலாம்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பிரவுசரின் இரண்டு டேப்களில் ஒரே அழைப்பில் சேர்ந்தால் படமும் குரலும் அருமையாக வரும். மூன்றாவது ஆள் நுழைந்ததும் எல்லாம் கறுத்துவிடும். காரணம், இருவர் மட்டும் இருக்கும்போது பிரவுசர்கள் நேருக்கு நேர் பேசிக்கொள்கின்றன. மூன்றாமவர் வந்தால்தான் போக்குவரத்து ஜேவிபி வழியாகத் திரும்புகிறது. கன்டெய்னர் தன் உள்முகவரியை வெளியே சொல்லியிருக்கும், அல்லது ஜேவிபி பயன்படுத்தும் யுடிபி போர்ட் 10000 அடைபட்டிருக்கும். 'ஜேவிபி அட்வர்டைஸ் ஐபிஸ்' என்ற அமைப்பில் உங்கள் கணினியின் லேன் (உள்ளூர் நெட்வொர்க்) முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். எப்போதும் மூன்று பேரோடு சோதியுங்கள்.

சொந்தச் செயலிக்குள் வீடியோ அழைப்பைப் புகுத்த வேண்டுமா? அப்போது லைவ்கிட். கோ (Go) மொழியில் எழுதிய, அப்படியே ஓட்டக்கூடிய ஒரே ஒரு பைனரி ஃபைல். 'டெவ்' கொடியோடு (கட்டளையில் சேர்க்கும் விருப்பம்) ஓட்டினால் சாவி 'டெவ்கீ', ரகசியம் 'சீக்ரெட்', போர்ட் 7880, முடிந்தது வேலை. இந்த மூன்றில் லோக்கலில் ஓட்ட எளிதானது இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் திரை, லாகின், டோக்கன் (அழைப்பில் சேர அனுமதிச் சீட்டு) எல்லாம் உங்கள் பொறுப்பு. லைவ்கிட் மீட் என்ற மாதிரிச் செயலி இருக்கிறது, அதிலிருந்து தொடங்கலாம்.

பிக்புளூபட்டன் 2007இல் கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. வகுப்பறைக்கென்றே செய்தது: வெள்ளைப்பலகை, வாக்கெடுப்பு, மூடுல் என்ற இணையவழிக் கற்பித்தல் தளத்தோடு இணைப்பு. ஆசிரியர்களுக்காக வேலை செய்கிறீர்கள் என்றால் மற்ற இரண்டிலும் இவற்றில் சிலவற்றையாவது நீங்களே சேர்க்க வேண்டியிருக்கும். அதற்கேற்ற சுமையும் உண்டு. குறிப்பிட்ட உபுண்டுப் பதிப்பையே கேட்கும், 3.0க்கு 22.04. உள்ளே ஃப்ரீஸ்விட்ச், ரெடிஸ், என்ஜின்எக்ஸ் என்று ஒரு கூட்டமே ஓடுகிறது. சோதனைக்கே 8 ஜிபி நினைவகமும் 4 சிபியு கோர்களும் வேண்டும் என்கிறார்கள். டெவலப்பர்களுக்கான டாக்கர் இமேஜ் இருந்தாலும் 8 ஜிபி லேப்டாப்பில் இதைத் தொடங்காதீர்கள்.

ஃபோனில் சோதிக்கும்போது வரும் ஒரு சிக்கல்: லோக்கல்ஹோஸ்டில் கேமரா ஹெச்டிடிபியிலேயே திறக்கும், அதே பக்கத்தை ஃபோனிலிருந்து 192.168 என்று தொடங்கும் முகவரியில் ஹெச்டிடிபியில் திறந்தால் பிரவுசர் கேமராவையே தராது. எம்கேசெர்ட் என்ற கருவி கொண்டு ஹெச்டிடிபிஎஸ் சான்றிதழ் செய்து, அதன் வேர்ச் சான்றிதழை ஃபோனிலும் நிறுவுங்கள். லைவ்கிட் என்றால் சர்வரை 0.0.0.0 முகவரியில் கேட்கவும் வையுங்கள், அப்போதுதான் மற்ற கருவிகள் அதை அடைய முடியும். பக்கம் ஹெச்டிடிபிஎஸ் ஆனபின் சாதாரண வெப்சாக்கெட் தடைபடும் என்பதால் முன்னால் ஒரு கேடி (Caddy) வெப் சர்வரும் தேவைப்படும்.

மூன்று பேருக்கு மூன்று கேமரா எங்கே போவது? குரோமில் போலிக் கேமராக் கொடி இருக்கிறது. பச்சைத் திரையில் பேக்மேன் போன்ற உருவம் சுற்றும், விட்டுவிட்டு பீப் ஒலிக்கும். படமும் குரலும் போய்ச் சேர்கின்றனவா என்று பார்க்க அது போதும்.